ஏச ஆளில்லாத சாவு

ஜோஹன்னஸ்பர்க்
30 ஜூலை 2020

குரங்குக் குலத்து வீட்டு மருமகள் எஸ்னாத்துக்கு யானைக் குலத்துத் திச்சாவோனா எழுதுவது.

நீயும் பிள்ளைகளும் நலமென்றால் நானும் நலம். உன் நாத்தனார் சபினா அக்கா நலமா? மாடுகள் நலமா? மழை கொஞ்சமாவது எட்டிப் பார்த்ததா?

ஒருவழியாக உன் புருஷன், அந்தக் குரங்கு, செத்துத் தொலைந்தான். நல்லதாகப் போயிற்று. ஐம்பத்திரண்டு வருஷம் பூமிக்குப் பாரமாக இருந்தான், உன் வீட்டுச் சோளத்துக்கும் பாரமாக இருந்தான்.

முகத்தைச் சுளிக்காதே. இது என் வேலை என்று உனக்குத் தெரியும். பினியாஸுக்கு நான் சஹ்விரா, சாவு வீட்டில் ஏசும் முறைத் தோழன். அவன் அப்பாவுக்கு என் அப்பா சஹ்விரா. உன் மாமனார் செத்த அன்று என் அப்பா என்ன செய்தார், ஞாபகம் இருக்கிறதா? கிழவரின் கோட்டைப் போட்டுக்கொண்டு, அவரைப் போலவே ஒரு காலைச் சாய்த்து நடந்து, பிணத்துக்கு முன்னால் நின்று ஆடுகளைத் திட்டினார். "ஏ வெள்ளாடே, உனக்கு இருக்கிற அறிவு என் மகன் பினியாஸுக்கு இல்லையே!" என்று அதே மூக்குக் குரலில். உன் மாமியார் பாயில் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் எப்போது ஒப்பாரிக்கு மாறினார் என்று யாருக்குமே தெரியவில்லை. அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம். சஹ்விரா வந்து ஏசாத சாவு இருக்கிறவர்கள் நெஞ்சிலேயே உட்கார்ந்துவிடும்.

பினியாஸைப் பிளாஸ்டிக் உடுப்புப் போட்ட நான்கு பேர் கால் மணி நேரத்தில் புதைத்தார்களாம். எல்லை மூடிக் கிடக்கிறது. எல்லைப் பாலத்தைத் தாண்ட லாரிக்கு மட்டும்தான் அனுமதி. நான் லாரி இல்லை.

சபினா அக்கா உன்னைப் பற்றிப் போனில் பேசினார். "அவ கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி வரலடா திச்சா. வாசல்ல உக்காந்து ரோட்டையே பாக்குறா. களியை உருட்டிக் கையில வச்சுக்கிட்டு அப்படியே எந்திரிச்சுப் போயிடுறா. ஆஸ்பத்திரியில இருந்து சேதி வந்த நாள்ல இருந்து போனைக் காதுல வைக்கவே மாட்டேங்குறா. நாளுக்கு நாள் தேஞ்சுட்டு வர்றாடா. இவளையும் புதைக்க வச்சிடாத" என்றார்.

அதனால்தான் இந்தக் காகிதம். லாரி ஓட்டும் கத்பர்ட் உங்கள் ருட்டெங்கா வழியாகத்தான் போய் வருகிறார். நான் அங்கே வந்து ஏச வேண்டியதையெல்லாம் தவணை முறையில் எழுதி ஏசப் போகிறேன். சோப்பும் சர்க்கரையும் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் புருஷனைப் பற்றி எல்லாம் தெரிந்த
திச்சாவோனா


ருட்டெங்கா
19 ஆகஸ்ட் 2020

திச்சாவோனா அண்ணனுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

சோப்பும் சர்க்கரையும் வந்து சேர்ந்தன. பிள்ளைகள் இருக்கிறார்கள். இனி எழுத வேண்டாம்.

எஸ்னாத்


ஜோஹன்னஸ்பர்க்
4 செப்டம்பர் 2020

குரங்கு வீட்டு மருமகளே,

நீ நலமென்று எழுதிவிட்டாய், நான் நம்பவில்லை. ஆனாலும் நீ நலமென்றால் நானும் நலம்.

எழுத வேண்டாமாம்! சாவு வீட்டில் சஹ்விராவை வாயை மூடச் சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? பிணத்துக்கே கிடையாது.

இன்றைக்குக் கோழிக் கதை. முப்பது வருஷம் ஊர் ஊராகப் பேருந்து ஓட்டியவன், கூரை மேல் பாதிச் சுமை கோழிக்கூடை, அவனுக்குக் கோழி என்றால் உயிர் போய்விடும்! ருண்டே ஆற்றுப் பாலத்தின் மேல் பேருந்து போகும்போது ஒரு கோழி கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. உன் வீரன் என்ன செய்தான்? நடுப் பாலத்தில் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, இறங்கி நடந்தே போய்விட்டான். அறுபது பயணிகள் உள்ளே. "ஏய் டிரைவரு, கோழி ஓட்டிட்டுப் போகுமா வண்டியை?" என்று ஒரு கிழவி கத்தினாளாம். கோழியைச் சாக்கில் கட்டி, சாக்கைக் காட்டின பிறகுதான் திரும்பி வந்தான். இப்படிப்பட்ட கோழையை நம்பி நீ இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்றாய்.

இங்கே கடைத்தெருப் பெரிய கட்டடத்தில் காவல் வேலை. பாதிக் கடைகள் மூடித்தான் கிடக்கின்றன, நான் பூட்டுகளுக்குக் காவல். களி கிண்டுவதில் எனக்கு இப்போது நல்ல பழக்கம் வந்துவிட்டது.

சாப்பிடு. சபினா அக்காவை வேவு பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

திச்சாவோனா


ருட்டெங்கா
2 அக்டோபர் 2020

திச்சாவோனா அண்ணனுக்கு,

நாங்கள் நலம், நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன்.

பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். மூன்று வாரமாக அந்தக் கடிதத்தை மடித்து மாவுப் பானைக்கு அடியில் வைத்திருந்தேன். ஆனால் நீங்கள் ஊர் முழுக்கப் பொய்யைச் சொல்லித் திரிவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அது கோழி இல்லை. வான்கோழி. சேவல் வான்கோழி. சிவாசா சந்தையிலிருந்து யாரோ கல்யாணத்துக்கு வாங்கிப் போனது. ஒரு சின்னக் கன்றுக்குட்டி அளவுக்கு இருந்ததாம். வான்கோழியைப் பார்த்து யார்தான் பயப்பட மாட்டார்கள்? நீங்கள் பயப்பட மாட்டீர்களா? உங்கள் வீட்டில் பல்லி விழுந்ததற்கு மேசை மேல் ஏறி நின்றவர் யார் என்று உங்கள் மனைவி ரெஜாய்ஸிடம் கேட்டுப் பாருங்கள்.

அவர் இறங்கி நடந்து போகவும் இல்லை. பாலத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து அவரே சொன்னார். "நின்னேன் எஸ்னாத். ஓடல. கைகால்தான் கொஞ்சம் ஆடுச்சு" என்றார். செத்தவரைப் பற்றி எழுதுவதானால் சரியாக எழுதுங்கள்.

சாப்பிடுகிறேன்.

எஸ்னாத்


ஜோஹன்னஸ்பர்க்
18 அக்டோபர் 2020

எஸ்னாத்,

நலம், நலம், நூறு முறை நலம். உன் கடிதத்தைக் காவல் கூண்டில் நின்றபடி இரண்டு தடவை படித்தேன். வான்கோழி என்றே வைத்துக்கொள்வோம். கைகால் ஆடியது என்று அவன் வாயாலேயே ஒத்துக்கொண்டானே, அது போதும் எனக்கு!

சபினா அக்கா நீ அரை உருண்டைதான் சாப்பிடுகிறாய் என்கிறார். முன்பு கால் உருண்டை. ஆக அந்த வான்கோழிக்குக் கால் உருண்டை மதிப்பு இருந்திருக்கிறது.

இப்போது ஒரு பழைய பஞ்சாயத்து. 1991. உன்னைப் பார்க்க அவன் முதல்முதலாக உங்கள் ஊருக்கு வந்த நாள். அவனிடம் நல்ல செருப்புகூடக் கிடையாது. என் கறுப்பு ஷூவை இரவல் வாங்கிக்கொண்டு போனான். அவன் காலுக்கு இரண்டு அளவு பெரியது, நுனியில் பஞ்சை அடைத்துக்கொண்டான். திரும்பி வரும்போது ஒற்றை ஷூ. மற்றது எங்கேடா என்றால் வானத்தைப் பார்க்கிறான். இருபத்தொன்பது வருஷம் கேட்டேன். குடித்திருக்கும்போதும் கேட்டுப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. செத்தவனைப் பற்றிச் சஹ்விராவுக்குத் தெரியாதது ஒன்று இருக்கலாமா? வெட்கக்கேடு. அன்றைக்கு அங்கே இருந்தது நீ ஒருத்திதான். சொல்லு.

திச்சாவோனா


ருட்டெங்கா
14 நவம்பர் 2020

திச்சாவோனா அண்ணனுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? முதல் மழை வந்துவிட்டது. இந்த முறை நான் ஒழுங்காக எழுதுகிறேன்.

நான் ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அவர் அக்கரையிலிருந்து கல் மேல் கல்லாகத் தாவி வந்தார், ஏதோ கால்பந்துக்காரர் மாதிரி. மூன்றாவது கல்லில் ஷூ கழன்று ஆற்றோடு போய்விட்டது. அந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே! ஒன்றுமே நடக்காதது போல இக்கரைக்கு வந்து, வெறுங்காலை மற்ற காலுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்று, ஒரு மணி நேரம் பேருந்து லைசென்ஸ் வாங்குவது எப்படி என்று எனக்கு விளக்கினார். கியர் எத்தனை, பிரேக் எங்கே, எல்லாம்.

ஷூ மிதந்து என் துணிகளிடம்தான் வந்தது, அண்ணா. அவர் கியரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே எடுத்து ஈரத் துணிக்கு அடியில் மறைத்துவிட்டேன். ஷூவைத் தேடியாவது மறுபடி வருவார் என்று நினைத்தேன். ஷூவைப் பற்றிக் கேட்கவேயில்லை, ஆனால் வந்தார். ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். கல்யாணம் ஆன பிறகு சொல்லலாம் என்று இருந்தேன், பிறகு பிள்ளை பிறந்ததும் சொல்லலாம் என்று, பிறகு வயதான காலத்தில் ஒரு நாள் அவர் முன்னால் எடுத்து வைத்து அவர் முகம் போகிற போக்கைப் பார்க்கலாம் என்று. பெட்டிக்கு அடியில் இன்னும் இருக்கிறது.

இதை எழுதும்போது சிரித்துவிட்டேன். அடுப்படியில் தனியாகச் சிரித்தேன். அப்புறம் வேறொன்று வந்தது. என்னால் நிறுத்த முடியவில்லை. நாத்தனார் ஓடி வந்து, "என்னடி ஆச்சு, தீ சுட்டுடுச்சா?" என்று கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தாள். "பினியாஸ் செத்துட்டாரு அண்ணி" என்றேன். நான்கு மாதத்துக்குப் பிறகு அப்போதுதான் எனக்கே அது தெரிந்த மாதிரி சொன்னேன். அவளும் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். உள்ளே வரப் பயம், போலீஸுக்கும் பயம், நோய்க்கும் பயம். வேலிக்கு வெளியே ஆளுக்கு நான்கு அடி தள்ளி வரிசையாக நின்று அழுதார்கள். சாயங்காலம் வரை நின்றார்கள். அவருக்கு அழ ஆள் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு பசித்தது. இரண்டு உருண்டை களியும் கீரையும் சாப்பிட்டேன். நாத்தனார் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உங்களுக்கு நன்றி சொன்னால் ஏசுவீர்கள், அதனால் சொல்லவில்லை. நீங்கள் ரெஜாய்ஸைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதுவதில்லையே. அவளிடம் என் நீலத் தலைத்துணி நான்கு வருஷமாக இருக்கிறது என்று சொல்லுங்கள்.

எஸ்னாத்


ஜோஹன்னஸ்பர்க்
6 டிசம்பர் 2020

அன்புள்ள எஸ்னாத்,

உன் கடிதம் கிடைத்தது. மிக்க மகிழ்ச்சி. நீ சாப்பிடுவது நல்லது. எல்லையைத் திறந்துவிட்டார்கள், ஆனால் எனக்கு விடுமுறை இல்லை. இங்கே எல்லாம் வழக்கம் போல. உடம்பைப் பார்த்துக்கொள். இனி அடிக்கடி எழுத நேரம் இருக்காது.

திச்சாவோனா


ருட்டெங்கா
21 டிசம்பர் 2020

அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்கள் நலம் இல்லை.

கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் ஒரு குரங்குகூட இல்லை. பள்ளிக்கூடத்து வாத்தியார் எழுதியது போல இருக்கிறது. கத்பர்டைக் கேட்டேன். "வீடு மாறிட்டாரும்மா. நாலாவது மாடியில ஒரே ஒரு ரூம். சாமான் அதிகம் இல்ல. தனியாத்தான் இருக்காரு போல" என்றார்.

நான்கு மாதம் நான் எப்படி இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். அந்த இடத்தின் வாடை எனக்கு நன்றாகத் தெரியும். ரெஜாய்ஸ் எங்கே?

எஸ்னாத்


ருட்டெங்கா
20 பிப்ரவரி 2021

அண்ணனுக்கு,

இரண்டு மாதமாகக் கத்பர்ட் வெறும் சோப்போடு வருகிறார். மறுபடி எல்லை மூடினார்கள், திறந்தார்கள், கடிதம் மட்டும் வரவில்லை. கதவைத் திறந்தீர்கள், சோப்பு கொடுத்தீர்கள், பேசவில்லை என்கிறார். சோப்பு எங்களிடம் இருக்கிறது. ஒரு வரி எழுதுங்கள். பொய்யாவது எழுதுங்கள், திருத்தி அனுப்புகிறேன்.

எஸ்னாத்


ஜோஹன்னஸ்பர்க்
14 மார்ச் 2021

எஸ்னாத்,

நீ நலமா? என்னை நலமென்று எழுத முடியவில்லை, மன்னித்துக்கொள்.

ரெஜாய்ஸ் இறந்துவிட்டாள். போன வருஷம் ஜூலை ஒன்றாம் தேதி. பினியாஸுக்கு மூன்று வாரம் முன்னால். அதே நோய்தான். பத்து நாள் இருமினாள், பிறகு கூட்டிக்கொண்டு போனார்கள். குழிக்குப் பக்கத்தில் நானும் இரண்டு கூலியாட்களும்.

நம் இரண்டு வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். யானை வீட்டில் சாவு என்றால் முதல் சேதி குரங்கு வீட்டு சஹ்விராவுக்கு. அவன் வாயால்தான் ஊருக்குப் போக வேண்டும், உடன்பிறந்தவனுக்கும் அதற்குப் பிறகுதான். மூன்றாம் தேதி பினியாஸைப் போனில் கூப்பிட்டேன். "என்னடா யானை, தும்பிக்கை தொங்கிப் போச்சா? குரலே சரியில்ல" என்றான். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அப்போது அவன் இருமினான். அந்த இருமல் எனக்குத் தெரியும், எஸ்னாத். பத்து நாள் பக்கத்தில் படுத்துக் கேட்டது. "ஒண்ணுமில்லடா, தூக்கக் கலக்கம்" என்றேன். இவன் குணமாகி எழட்டும், அதற்குப் பிறகு சொல்லலாம் என்று வைத்துவிட்டேன். அவன் எழவேயில்லை. அப்புறம் யாரிடம் முதலில் சொல்வது? என் தம்பிகளுக்குத் தெரியாது. அவளுக்கோ தாய் தகப்பன் இல்லை, மிஷனில் வளர்ந்தவள், கேட்க ஆளும் இல்லை. நாள் போகப் போகச் சொல்லவே முடியாமல் போய்விட்டது.

உனக்கு எழுதும்போதெல்லாம் கொஞ்சம் மூச்சு வந்தது. நீ அழுதாய் என்று படித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. என் வேலை முடிந்தது என்று தெரிந்ததும் கை விழுந்துவிட்டது.

ஜனவரியிலிருந்து வேலைக்குப் போகவில்லை. கட்டிலிலிருந்து ஜன்னலுக்குப் போவதே பெரிய பயணம். ஒரு நாள் நாலாவது மாடிப் படியில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் நின்றேன். வேறொன்றும் இல்லை.

உன் நீலத் தலைத்துணியைக் கட்டித்தான் அவளை அனுப்பினேன். திருப்பித் தர முடியாது.

திச்சாவோனா


ருட்டெங்கா
11 ஏப்ரல் 2021

ஏ யானை!

செத்தாளா அவள்? ஒன்பது மாதமாகச் செத்துக் கிடக்கிறாளாம், அதைச் சொல்ல முடியாமல் உன் தும்பிக்கையில் என்ன அடைத்துக்கொண்டிருந்தது?

இன்றைக்கு அண்ணனும் கிடையாது, நீங்களும் கிடையாது. இன்றைக்கு நான் உன் சஹ்விரா. பொம்பளைக்கு ஏது இந்த வேலை என்று நாத்தனார் கேட்டாள். "குரங்கு செத்தா வேலையும் சேந்து செத்துடுமா? வீட்டுல நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ல?" என்றேன்.

நேற்று சனிக்கிழமை எங்கள் வாசலில் ரெஜாய்ஸின் சாவு நடந்தது. நான்தான் ஊருக்குச் சொன்னேன். முப்பது பேர் வந்தார்கள், முகமூடியை மோவாய்க்கு மாட்டிக்கொண்டு. உன் இரண்டு தம்பிகளும் வந்தார்கள், உன் மேல் கொலைவெறியில். அவள் இங்கே விட்டுப்போன மஞ்சள் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு நான் நடுவில் வந்தேன். இடுப்பில் கையை வைத்து, ஆஸ்பத்திரித் தலைமை நர்ஸ் மாதிரி அடுப்பைச் சுற்றி நடந்தேன். "ஏய் விறகே, நீ எரியப் போறியா, இல்ல நான் உன்னை டவுனுக்கு வேலைக்கு அனுப்பட்டுமா?" என்று அவள் குரலில் கேட்டேன். அடுப்பைத் திட்டியே பற்றவைத்தவள் அல்லவா உன் பெண்டாட்டி! அவள் கிண்டின களியில் விழுந்த கட்டியை எடுத்து நாய் மேல் எறிந்தால் நாய் நொண்டும். சீட்டு விளையாடும்போது ராணியை முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொள்வாள், மாட்டிக்கொண்டால் மூட்டுவலி என்பாள். கோயிலில் எல்லோரும் கண்ணை மூடியிருக்கும்போது எனக்குக் கிச்சுக்கிச்சு மூட்டி, பாதிரியாரிடம் என்னைத் திட்டு வாங்கவைத்தவள். என் தலைத்துணியைத் திருடியவள். அதை மேலேயும் கொண்டுபோய்விட்டாள்!

நாத்தனார் முதலில் முறைத்தாள், பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உன் சின்னத் தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், சிரித்துக்கொண்டே மண்ணில் உட்கார்ந்தான், "என் அண்ணியாரே, எனக்குச் சட்டை தைச்சுக் குடுத்தீங்களே" என்று அவன்தான் முதலில் உடைந்தான். அப்புறம் நாங்கள் எல்லோரும். நான் அந்த மழைக்கோட்டோடேயே விழுந்து அழுதேன். அவள் என் தோழி, திச்சாவோனா. எனக்கும் யாரும் சொல்லவில்லை.

ஆக, ரெஜாய்ஸ் செத்துவிட்டாள். ஊருக்கே தெரியும். நீ இனி அதை ஒற்றை ஆளாகச் சுமக்க வேண்டியதில்லை.

போனை நாத்தனாரிடமிருந்து வாங்கிவிட்டேன். படியில் நிற்கத் தோன்றினால் நிற்பதற்கு முன்னால் எனக்குப் போன் அடி. எந்த நேரமானாலும் எடுப்பேன், எடுத்து நன்றாக ஏசுவேன். கத்பர்ட் திரும்பி வரும்போது முன் இருக்கையில் உன்னை ஏற்றிக்கொண்டு வருவார். உன் தம்பிகள் உன்னை அடிக்கக் காத்திருக்கிறார்கள், வந்து வாங்கிக்கொள்.

இந்தக் கடிதத்தைக் கத்பர்ட் உன் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட மாட்டார். நீ இந்த வரியைப் படிக்கும்போது உன் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். இப்படிப்பட்ட சேதியைத் தனியாகப் படிக்க விடக் கூடாது. "அந்த மனுஷன் அழுது முடிக்கிற வரைக்கும் நீங்க எந்திரிக்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். "எவ்வளவு நேரம்மா ஆகும்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். லாரி நிறைய வெண்ணெய்ப்பழம், வழியிலேயே கனிந்துகொண்டிருக்கிறதாம். சீக்கிரம் அழு.

இப்படிக்கு,
உன் சஹ்விரா
எஸ்னாத்